மச்சினன் பிடிக்கும் கயிறு

என் அக்காவின் கணவர் ஐஸ்கட்டியில் நாவல் எழுதியவர். கொழும்பில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ரொட்டர்டாமில் சொன்னால் எழுந்து நின்று கைதட்டுகிறார்களாம்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் பேக்டரி. அங்கே அத்தியாயத்துக்கு ஒரு கட்டியாக, வாக்கியங்கள் அச்சடித்த பிளாஸ்டிக் பட்டைகளை உள்ளே வைத்து உறைய வைத்தார். கட்டியைச் சுற்றி நின்று படிக்க வேண்டும். உருக உருகப் பட்டைகள் கழன்று தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். கடைசி அத்தியாயத்தை முழுதாகப் படித்தவர் உலகத்தில் எவருமில்லை. அதற்குத்தான் பாராட்டு. என்னுடைய ஒரே சிறுகதைத் தொகுப்பையும் முழுதாகப் படித்தவர் எவருமில்லை. அதற்கு மட்டும் ஏன் பாராட்டு வரவில்லை என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அத்தானின் பெயர் ஜெரோம். ஷிப்பிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். மீன் ஏலக்காரரின் குரலில் கவிதை வாசிக்கத் தொடங்கி, பிறகு உப்பளத்தில் குவித்த உப்பின்மேல் புரொஜெக்டரில் எழுத்துகளை விழவைத்து, இப்போது பாஸ்போர்ட்டில் இடமில்லாத அளவுக்குப் போய்விட்டார். கொழும்புக்கு ஒரு விழாவுக்கு வந்தவரை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டவன் நான்தான். ஒரு தொடர்பு கிடைக்கும் என்று கூப்பிட்டேன். தொடர்பு அக்காவுக்குக் கிடைத்தது.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி. "மாப்ளே, புதுசா ஒண்ணு பண்ணுதேன், கடலுக்குள்ள. அதுல உனக்கு முக்கியமான இடம் இருக்கு. நீ இல்லாம நடக்காது. வா."

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் விண்ணப்பப் படிவங்களைத் தமிழாக்குபவன். அந்தச் செய்தியைக் குளியலறையில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். லீவு போட்டேன். கடலைப் பற்றி இரவு பகலாக எழுதினேன். அந்தத் தாள்களைச் சட்டைகளுக்கு நடுவில், கசங்காமல் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தூத்துக்குடியில் இறங்கியதும் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெயில். எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் இருக்கும். இங்கே காற்றில் உப்பு இருக்கிறது, உதட்டை நக்கினால் தெரிகிறது. ஆட்டோ பிடித்தேன்.

"எங்கன போணும்ணே?"

தெருப் பெயரை முடிப்பதற்குள் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "அட, ஜெரோம் அண்ணன் வீடு! கடலுக்குள்ள படம் எடுக்காருல்லா, அவருதான? நீங்க சிலோன்காரரா? பேச்சு இழுக்குதே."

அவர் பெயர் செல்வம். துறைமுகத்துச் சாலையில் உப்பு லாரிகளுக்கு நடுவே ஆட்டோ செத்துப்போனது. முன்னால் லாரி, பின்னால் லாரி, மேலே சூரியன். செல்வம் எஞ்சினைத் திறந்து பார்த்தார், ஊதினார், கடைசியில் கைவிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது நின்னாலும் நிக்கட்டும்ணே. இதோட ஹாரன் ஜெர்மனி போயிருக்கு, தெரியுமா?"

"ஹாரனா?"

"ஹாரன்னா, அதோட சத்தம். ஒரு நா ஜெரோம் அண்ணன் மைக்கைக் கொண்டாந்து நீட்டி, 'செல்வம், கோவமா அடி'ன்னாரு. அடிச்சேன். 'இப்ப சந்தோசமா அடி'ன்னாரு. ரெண்டும் ஒண்ணுதானண்ணே! ஆனா அங்கன பெரிய ஹால்ல, லைட்டை அணைச்சிட்டுக் கேக்காவ. வீடியோ காட்டுனாரு. வெள்ளைக்காரங்க எல்லாரும் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காவ, பூசையில இருக்க மாதிரி."

நான் அந்த ஹாரனைப் பார்த்தேன். கறுப்பு ரப்பர் பந்து, விரிசல் விட்ட பித்தளை வாய். என் எழுத்து மன்னார் வரைக்கும்கூடப் போனதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரப்பர் பந்தின்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

அன்று மாலை அத்தான் என்னையும் அக்காவையும் பரோட்டா கடைக்குக் கூட்டிப்போனார். இந்த ஊரில் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்து, முறுகலாக நொறுக்கி, சால்னாவை ஊற்றுகிறார்கள். எங்கள் ஊரில் ரொட்டியைக் கொத்துகிற சத்தம் தெருமுனைவரை கேட்கும். இங்கே அந்த ஆரவாரமெல்லாம் இல்லை, வாய்க்குள்தான் சத்தம். அத்தானின் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்யும் யோஹானா என்ற டச்சுக்காரப் பெண்ணும் வந்திருந்தார். பரோட்டாவைப் பிஸ்கட் மாதிரி உடைத்துத் தின்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்து, அத்தானிடம் இங்கிலீஷில் சொன்னார்: "இவர்தானா அவர்? கைகள் நன்றாக இருக்கின்றன."

எழுதுகிற கைகள் என்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து இன்னொரு பரோட்டா கேட்டேன். அக்கா சுபா மட்டும் தலையைக் குனிந்து சால்னாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அத்தான் என்னைத் திரேஸ்புரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். இங்கே முத்துக் குளிப்பது நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. இன்றும் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். வள்ளத்தின் பக்கத்தில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் வள்ளக்காரர் சூசை அண்ணாச்சி. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜெரோமு, இவர்தான் உன் பொண்டாட்டி கூடப் பிறந்தவரா?"

"ஆமா அண்ணாச்சி."

"சொந்தத் தம்பியா? சித்தப்பன் மவன், பெரியப்பன் மவன்னு ஏமாத்தலியே?"

"சொந்தத் தம்பிதான்."

"அப்ப சரி. கயித்தை எடும்."

என் கையில் ஒரு கயிற்றின் முனையைக் கொடுத்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் கடலைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அத்தான் பழைய முறையில், காலில் கல்லைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, கடலடிக்குப் போவார். அங்கே வெள்ளைப் பலகையில் மெழுகுப் பென்சிலால் ஒரு வாக்கியம் எழுதுவார். கேமரா அதைக் கரையில் இருக்கும் பெரிய திரைக்கு அனுப்பும். வாக்கியம் முடிந்ததும் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். ஒரு மூச்சு, ஒரு வாக்கியம். காற்றுக் குழாய் கிடையாது. சங்கு குளிக்கிற கூட்டத்தில் பிறந்தவர், சின்ன வயதிலேயே மூச்சடக்கப் பழகியவர். ஆனால் சூசை அண்ணாச்சிக்கு ஒரே பிடிவாதம்: கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும்.

"ஏன் மச்சினன்?" என்று கேட்டேன்.

"வேற யாரை நம்புவீரு? அண்ணன் தம்பி பிடிச்சா சொத்து அவனுக்கு. கூட்டாளி பிடிச்சா கேக்கவே வேண்டாம். பொண்டாட்டி கூடப் பிறந்தவன் பிடிச்சான்னா, கயித்தை விட்டா என்ன ஆவும்? அக்கா பெட்டியைத் தூக்கிட்டு அவன் வீட்டு வாசல்ல வந்து நிப்பா. அந்தப் பயத்துலயே கண்ணு அசராம இருப்பான். எங்க அப்பன் காலத்துல இருந்து இதுதான். பாசத்தை எல்லாம் நம்பிக் கடல்ல இறங்க முடியுமா?"

அவரும் அவர் கூட்டாளிகளும் சிரித்தார்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் சின்ன அறைகளை நினைத்துப் பார்த்தேன். ஏற்பாட்டில் பிழை இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் இவர்களின் அப்பன்மார் யோசிக்கவில்லை: மச்சினனும் எழுத்தாளனாக இருந்தால்?

"அத்தான், முக்கியமான இடம் என்று சொன்னது..."

"இதைவிட முக்கியம் என்னடா இருக்கு? என் உசிரு உன் கையில."

"நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன், அத்தான்."

"என்னத்தை?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

அன்று முழுதும் ஒத்திகை. இழுக்கிறவன் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். கரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். ஆக, ஊரே படிக்கப்போகும் எழுத்தைப் படிக்க முடியாத ஒரே ஆள் நான். "பேசாதீரும். பராக்கு பாக்காதீரும். கயிறு சொல்லும், கையால கேளும்" என்று சூசை அண்ணாச்சி அதட்டிக்கொண்டே இருந்தார். அத்தான் இறங்கும்போதெல்லாம் கயிறு என் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. ஒரு தடவை, கயிறு தளர்ந்து நின்ற நேரத்தில், இதை விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நொடியே அக்கா பெட்டியோடு வாசலில் நின்றாள். சூசை அண்ணாச்சியின் அப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

வீடு திரும்பியதும் தாள்களை எடுத்து அத்தானிடம் நீட்டினேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றபடி படித்தார். நான் மக்ரூன் ஒன்றை வாயில் போட்டுக் கரையவிட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளையும் சேர்ந்த இந்த ஊர் மக்ரூன் வாயில் வைத்ததும் இருந்த இடம் தெரியாமல் போகும். ஒன்று போய், இன்னொன்றும் போனது. கடைசித் தாளில் அத்தான் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா உன் வாக்கியமெல்லாம் ரொம்ப நீளம். என் மூச்சு பத்தாது."

தாள்களை அலமாரிமேல் வைத்துவிட்டு, "ஏளா சுபா, சோறு போடு" என்று உள்ளே போய்விட்டார். இத்தனை வருஷத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் இது ஒன்றுதான் மறுக்க முடியாதது.

நிகழ்ச்சி நாள். காலையிலேயே கரையில் ஷாமியானா, பெரிய திரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். கோயில் பூசை முடிந்து நேரே வந்த குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள், யோஹானாவின் விருந்தாளிகள். திரையில் விழும் எழுத்தை மைக்கில் வாசிக்கும் வேலை அக்காவுக்கு. அவள் இங்கே ஒரு பள்ளியில் படிப்பிக்கிறாள். குரல் கணீரென்று வரும். அக்காவுக்குக்கூட ஒரு மைக்.

வள்ளம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றது. அத்தான் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். கயிறு ஓடியது, நின்றது. கரையிலிருந்து அக்காவின் குரல் தண்ணீர்மேல் வந்தது:

"கடலுக்கு முதுகு கிடையாது."

கயிறு சுண்டியது. இழுத்தேன். கைதட்டல். நல்ல வாக்கியம் என்பதுதான் எரிச்சல். நான் எழுதியிருந்தால் இதற்கு ஒரு பக்கம் எடுத்திருப்பேன்.

இரண்டாம் முறை:

"சிப்பி யாருக்காகவும் வாய் திறப்பதில்லை, அழுகினால்தான் திறக்கும்."

கயிறு சுண்டியது. இழுத்தேன். இன்னும் பெரிய கைதட்டல். அத்தான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். பிறகு கடைசி முறையாக இறங்கினார்.

"எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது..." என்றாள் அக்கா.

தூத்துக்குடியில் எந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் ஓடுகிறது? ஓடுவது வெள்ளவத்தையில். அது என் வாக்கியம். கடைசித் தாளில் இருந்த வாக்கியம்.

"அக்கா இந்தக் கடலின் அக்கரைக்கு..." அவள் குரல் அந்த இடத்தில் ஒரு முறை இடறியது. "...அக்கரைக்கு மருமகளாகப் போன நாள் முதல்..."

என் எழுத்து ஒலிபெருக்கியில், கடல்மேல், கூட்டத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் இருமவில்லை. வாழ்நாள் முழுதும் நான் கேட்க ஏங்கிய அமைதி அது. முதுகு கூசியது, திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை.

"...ரயில் போன பிறகும் தண்டவாளத்தில் நின்று..."

மெழுகுப் பென்சிலால் தண்ணீருக்குள் எழுதுவது மெதுவான வேலை. முந்தைய இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தால்கூட இந்த நீளம் வராது. இன்னும் எவ்வளவு பாக்கி என்று அந்தக் கரையிலும் வள்ளத்திலும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"...அங்கே அவள் கால் நனைத்தால்..."

கயிறு சுண்டவில்லை. மெல்லிய நடுக்கம் மட்டும், போன் அதிர்வது மாதிரி. அத்தான் முடிக்காமல் வரமாட்டார். ஐஸ்கட்டி நாவலை எவரும் முடிக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்த மனிதர், என் வாக்கியத்தை முடித்தே தீருவது என்று அடியில் நிற்கிறார்.

"...இங்கே என்..."

இழுத்தேன்.

"ஏலே, சுண்டலயே! பொறும்வே!" என்று சூசை அண்ணாச்சி கத்தினார். நான் நிறுத்தவில்லை. கயிறு எதிர்த்தது; அத்தான் வர மறுக்கிறார் என்று கைக்குத் தெரிந்தது. வள்ளத்தின் பலகையில் காலை உதைத்து, அவர் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு இழுத்தேன். மேலே வந்தபோது உதடு நீலமாக இருந்தது. இருமினார், தண்ணீரைக் கக்கினார், மூச்சு திரும்பியதும் முதல் வேலையாக என்னை முறைத்தார்.

"ஏன்டா இழுத்தே? இன்னும் ரெண்டு வார்த்தைதானடா!"

"நாலு, அத்தான்."

"ரெண்டு பேருக்கும் கிறுக்கு" என்று சூசை அண்ணாச்சி கூலிங் கிளாஸைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இங்கன எனக்கு உசிரு போயிட்டு. இவனுவ வார்த்தையை எண்ணுதானுவ."

அப்போதுதான் கரையில் கைதட்டல் எழுந்தது. முதலில் தயங்கி, பிறகு நிற்காமல். 'இங்கே என்' என்பதோடு திரை வெறும் நீலமாகிப் போயிருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

கரையேறியபோது யோஹானாவின் கண்கள் கலங்கியிருந்தன. அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும்."

அத்தானைக் குறை சொல்ல முடியாது. அவர் உடனே என்னைக் காட்டிச் சொன்னார்: "அந்த வாக்கியம் இவனுடையது. நிறுத்தியதும் இவன்தான்."

யோஹானா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, தன் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "கேட்டீர்களா? கயிறு பிடிக்கும் மச்சினனையே ஆசிரியனாக்கிவிட்டார். எவ்வளவு அழகான கற்பனை!"

அவர்கள் எனக்கும் கொஞ்சம் கைதட்டினார்கள். கற்பனைப் பாத்திரங்களுக்குத் தட்டுவதுபோல.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கணவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, என் உள்ளங்கைகளை விரித்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் எண்ணெய் தடவினாள். துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டாள்.

"மிச்சம் என்ன?" என்றாள்.

"எதில?"

"நடிக்காதடா. 'இங்கே என்' - பிறகு?"

சொன்னேன். "கால் ஈரமாகும் என்று காத்திருக்கிறேன்."

அவள் என் தலையில் ஓங்கி ஒன்று போட்டாள். "அதுக்கு ஒரு போன் எடுக்க ஏலாதா உனக்கு?"

உள்ளேயிருந்து அத்தான் குரல் கொடுத்தார். "சுபா, அந்தத் தாளு எங்கன? அடுத்து ரொட்டர்டாம்ல ஒரு தொட்டியில இதையே முழுசா எழுதிறலாம். மூச்சைக் கொஞ்சம் கூட்டிட்டா போதும். மாப்ளே, நீயும் வாரே. நீ இல்லாம நடக்காது."

அக்கா எழுந்து போய், அலமாரிமேல் இருந்த தாள்களை எடுத்து என் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடினாள். "இதைக் குறைச்சு எழுதிக்கொண்டு வா. அதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு தொட்டியிலயும் இறங்கக் கூடாது."

புறப்படும் நாளில் வாசலில் செல்வத்தின் ஆட்டோ நின்றது. என்னைக் கண்டதும் இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டார். கட்டுப்போட்ட என் கைகளைப் பார்த்து, "நீங்கதானா அந்தக் கயிறு பிடிச்ச மச்சினன்! ஊரெல்லாம் உங்க பேச்சுதான்ணே" என்றார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏறி உட்கார்ந்தேன். செல்வம் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம ரெண்டு பேரும் இப்ப ஒரே கம்பெனிண்ணே. எனக்கு ஹாரன், உங்களுக்குக் கயிறு. என்ன, என்னோடது ஜெர்மனி போயிட்டு வந்துட்டு. உங்களோடது இனிமேதான் போணும்."

"செல்வம், அந்தக் கடைசி வாக்கியம் இருக்குதே, அது நான்..." என்று தொடங்கினேன்.

முன்னால் ஓர் உப்பு லாரி குறுக்கே திரும்பியது. செல்வம் ஹாரனை அழுத்தினார். கோபமாகவா சந்தோஷமாகவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போனது.